சாம்பல் அப்பளம்

பத்ரிநாத் அப்பளக் கட்டைத் தூக்கி எறியவில்லை. அவ்வளவு மோசமான மனிதர் இல்லை அவர். மேசைமேல் வைத்து ஒற்றை விரலால் தங்கப்பொண்ணு பக்கம் தள்ளிவிட்டார். எறிந்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு உறைத்திருக்காது.

"என்னம்மா, சீரக அப்பளம் போட ஆரம்பிச்சிட்டியா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

மதுரையில் மஹாலுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருடைய கிடங்கு. அப்பன் பாட்டன் எல்லாம் நூல் வியாபாரம் பார்த்த சௌராஷ்டிரக் குடும்பம். இவர் காலத்தில்தான் அப்பளத்துக்கு மாறினார். கல்லாவில் இருந்த மகனிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். மகன் சிரித்தான். தங்கப்பொண்ணுக்கு அந்த பாஷை தெரியாது. சிரிப்பு எதற்கென்று மட்டும் தெரிந்தது.

"அது சீரகம் இல்ல மொதலாளி. மில்லு சாம்பலு."

"சாம்பலை வறுத்துத் திங்க எவன் காசு குடுப்பான்? உங்க ஊரு சரக்கு வெள்ளையா இருக்கும்னுதான் திருமங்கலம் வரைக்கும் ஆளனுப்பி எடுத்தேன். இன்னொரு தடவை இப்படிக் கொண்டாந்தே, வேற ஊரைப் பாத்துக்கிடுவேன். கோவிச்சுக்காத."

கோவிச்சுக்காத என்று சொல்லிவிட்டால் கோபம் போய்விடும் என்று நினைப்பவர்கள் உண்டு. தங்கப்பொண்ணு கட்டுகளைச் சாக்கில் போட்டுக் கட்டி, தலையில் ஏற்றிக்கொண்டு பஸ் ஏறினாள். திருமங்கலத்தில் இறங்கி, மேற்கே போகிற டவுன் பஸ் பிடித்து, தன் ஊரான ஊருணிப்பட்டிக்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள். அங்கேதான் மில் வாசல்.

அது நூற்பாலை. அந்த வருடங்களில் கரண்ட் வருவதைவிடப் போவதுதான் அதிகம். அதனால் ஆலை தனக்கென்று நிலக்கரியில் கரண்ட் எடுக்கிற நிலையம் ஒன்றைக் கட்டிக்கொண்டது. உயரமான புகைபோக்கி. அதற்கு முன்னால் ஒரு வீடு அளவுக்கு இரும்புப் பெட்டி. பெட்டிக்குள் தகடுகள், அவற்றில் கரண்ட் பாய்ந்தால் புகையில் இருக்கிற சாம்பலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பில்டர் என்பார்கள். பில்டர் ஓடினால் புகை இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. ஓடாவிட்டால் சாம்பல் நேரே ஊருணிப்பட்டிக்கு. ஆனால் அந்தப் பெட்டியும் கரண்ட் தின்னும். அந்தக் கரண்டில் இன்னும் நாலு மெஷின் ஓட்டலாமே என்று ஒரு புத்திசாலிக்குத் தோன்றியது. அந்தப் புத்திசாலியின் பெயர் பாலகணேஷ். நிலையத்தின் மேனேஜர்.

இது ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். சோதனை பார்க்க ஜீப் வந்தால் புகை காணாமல் போகும். ஜீப் திரும்பினால் புகையும் திரும்பும். இதைக் கண்டுபிடிக்கப் படிப்பு எதற்கு? அண்ணாந்து பார்த்தால் போதும்.

அப்பளத்துக்கு வெயில் வேண்டும். தேய்த்த ஈரத்தோடு களத்தில் வெள்ளை வேட்டியை விரித்துக் காயப்போட வேண்டும். வீட்டுக்குள் காயவைத்தால் புளித்த வாடை வரும். மேலே கொசுவலை கட்டிப் பார்த்தார்கள். வலை கறுத்ததே தவிர சாம்பல் நிற்கவில்லை. ஈர அப்பளத்தில் விழுந்த சாம்பல் உள்ளே இறங்கிவிடும். அப்புறம் தட்டினாலும் போகாது, துடைத்தாலும் போகாது. ஊருணிப்பட்டிப் பெண்களின் தாய்மார்கள் அதே களத்தில் கூலிக்கு அடுத்தவர் நெல்லைக் காயப்போட்டவர்கள். இவர்கள் காலத்தில்தான் தங்கப்பொண்ணு தலைமையில் மகளிர் குழு ஆரம்பித்து, சொந்தமாக ஒரு பொருளை அங்கே காயப்போட்டார்கள். அந்தப் பொருளின் மேல்தான் இந்தக் கரி வந்து விழுகிறது.

தங்கப்பொண்ணு சாக்கோடு மேனேஜர் அறைக்குள் போய் நின்றாள். பாலகணேஷ் சாக்கைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, ஊர்ல விறகடுப்பு எரிக்கிறீங்க, டயரைக் கொளுத்துறீங்க. எல்லாப் பழியும் என் சிம்னி மேலயா?"

"அடுப்புப் பொகையும் டயரு பொகையும் எங்களுக்குத் தெரியாதா சார்? பில்டரைப் போடுங்க. அம்புட்டுதான் கேக்குறோம்."

"பில்டர் இருபத்திநாலு மணி நேரமும் ஓடுது."

"அப்ப இது என்னது?" ஒரு அப்பளத்தை எடுத்து அவர் மேசையில், கண்ணாடிமேல் வைத்தாள். கறுப்புப் புள்ளிகள் கண்ணாடிமேல் பளிச்சென்று தெரிந்தன.

பாலகணேஷ் அதைத் தொடவில்லை. ஒரு காகிதத்தால் நகர்த்திக் குப்பைக்கூடையில் தள்ளினார். "நிலக்கரி யார்டுல வீரணன்னு ஒருத்தன் லோடு இறக்குறானே, அவன் உன் வீட்டுக்காரன்தானே? கான்ட்ராக்ட் ஆளு. கான்ட்ராக்ட்னா என்னன்னு அவன்கிட்டக் கேட்டுக்க."

மிரட்டுகிறவர்கள் சத்தம் போட வேண்டும் என்று யார் சொன்னது? அவர் மின்விசிறி சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தக்கூட இல்லை.

அன்று வீட்டில் வீரணன் குதித்தான். சூப்பர்வைசர் அவனைக் கூப்பிட்டு ஏற்கெனவே ஏறிவிட்டிருந்தார்.

"ஒனக்கு எதுக்கு இந்தச் சோலி? மேனேஜர் மேசையில அப்பளத்த வைக்கிற அளவுக்குப் பெரிய ஆளாயிட்டியாக்கும்?"

"வச்சது அப்பளம்தான்யா. செருப்பு இல்லையே."

"என் வேலை போச்சுன்னா ஒன் அப்பளம் சோறு போடுமா?"

"ஒன் வேலைதான்யா என் அப்பளத்தக் கெடுக்குது. நீ எறக்குற கரிதான் என் களத்துல விழுகுது."

சொல்லியிருக்க வேண்டாம். சொல்லிவிட்டாள். வீரணன் தட்டைத் தள்ளிவிட்டு வெளியே போனான். அவனுடைய வேட்டியிலும் கரி, அவளுடைய வேட்டிகளிலும் கரி. துவைக்கிறவள் என்னவோ ஒருத்திதான்.

இந்தச் சமயத்தில்தான் ஆலை நிலக்கரி எரிக்க இரண்டாவது பாய்லருக்கு அனுமதி கேட்டு மனுப் போட்டது. அனுமதி கொடுப்பதற்கு முன் ஊர் மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். திருமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் என்று தண்டோரா போடாத குறையாக அறிவித்தார்கள். வருகிறவர்களுக்கு ஆலைச் செலவில் மதியச் சாப்பாடு. நம் ஊரில் இலை போட்டால்தான் கூட்டம் கூட்டமாகும், இலையில் அப்பளம் இருந்தால்தான் சாப்பாடு சாப்பாடாகும். பாலகணேஷுக்கு அப்போது ஒரு யோசனை உதித்தது. அந்த அப்பளத்தை ஊருணிப்பட்டி மகளிர் குழுவிடமே வாங்கினால் என்ன? வாயை அடைத்த மாதிரியும் ஆச்சு, போட்டோ பிடித்த மாதிரியும் ஆச்சு.

ஆர்டர் வீரணன் வழியாகவே வந்தது. அவன் முகத்தில் வெகுநாள் கழித்துச் சிரிப்பு. "பாத்தியா, பெரிய மனுசன் பெரிய மனுசன்தான். நீதான் எடுத்தெறிஞ்சு பேசுற."

அதைவிடப் பெரிய அதிசயம் வானத்தில் நடந்தது. கூட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போதே புகை நின்றுவிட்டது. பில்டர் ஓடுகிறது. களத்தில் விரித்த வேட்டி சாயங்காலம் எடுக்கும்போது வெள்ளையாகவே இருந்தது. அந்த வாரம் பெண்கள் போட்ட அப்பளம் எப்படி இருந்தது தெரியுமா? உள்ளங்கையில் வைத்தால் ரேகை தெரிந்தது.

தங்கப்பொண்ணு அந்த வெள்ளை அப்பளத்தை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சந்தோஷம் வரவில்லை. முடியாது என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முடியும், பத்து நாளும் ஓட்ட முடியும், ஆனால் உங்களுக்காக ஓட்டமாட்டேன் என்பதை எப்படிப் பொறுப்பது?

களத்தில் பெண்கள் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது அவள் வாயைத் திறந்தாள்.

"பந்திக்கு இது போக வேணாம். பத்ரிநாத் தள்ளிவிட்டாருல்ல, அந்தக் கட்டு போகட்டும்."

யாருக்கும் முதலில் புரியவில்லை. புரிந்ததும் சரண்யாதேவிதான் எழுந்தாள். குழுவிலேயே இளையவள், குழுவிலேயே நீளமான நாக்கு.

"ஏக்கா, கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு? அம்புட்டுப் பேரு சாப்புடுற பந்தியில சாம்பல் அப்பளத்தப் போட்டா நாறப்போறது மில்லு பேரா, நம்ம பேரா?"

"ரெண்டும் நாறும்."

"அப்புறம் எவன் நம்மகிட்ட வாங்குவான்?"

"இந்த வெள்ளையப் போட்டா, பாத்தீங்களா சாம்பலே இல்லன்னு சொல்லி ரெண்டாவது பாய்லரையும் வாங்கிப்புடுவான். அதுக்கு மறுநா பில்டரை நிப்பாட்டுவான். அப்ப மட்டும் எவன் வாங்குவான்?"

சரண்யாதேவி கையிலிருந்த கட்டைத் தரையில் போட்டாள். "ஒன் ஒருத்தி வீம்புக்கு எங்க பொழப்பக் கெடுக்காத. நாங்க சம்மதிக்க மாட்டோம்."

மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். தங்கப்பொண்ணு அவர்களை ஏமாற்றவில்லை. அவர்கள் கண்ணெதிரிலேயே பழைய சாக்கை எடுத்து வந்து ஆலை வண்டியில் ஏற்றினாள். "ஏசுறதா இருந்தா என்னைய ஏசுங்க. தலைவியா வச்சது நீங்கதான்." வெள்ளை அப்பளத்தில் ஒரு கட்டை மட்டும் மஞ்சள் பையில் போட்டு இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். பின்னால் பெண்கள் மண்ணை வாரித் தூற்றாத குறை. இத்தனை வருடத்தில் அவள் கையிலிருந்து ஒரு விரிசல் விட்ட அப்பளம்கூட வெளியே போனதில்லை. அந்தக் கைதான் இன்று இதை அனுப்புகிறது. வண்டி கிளம்பியபோது அவளுக்கே வாய் கசந்தது.

மண்டபத்தில் நல்ல கூட்டம். கலெக்டர் சார்பில் ஒரு அதிகாரி அம்மாள் தலைமை. ஊர்க்காரர்கள் இரண்டு பேர் மைக்கில் சாம்பல் பற்றிப் பேசினார்கள். பின்வரிசையில் ஆலை கூட்டி வந்த ஆட்கள் ஓவென்று கத்தி அவர்களை உட்காரவைத்தார்கள். மூன்றாவதாக எழுந்த ஒருவரைச் சட்டையைப் பிடித்தே இழுத்தார்கள். அதன்பிறகு பாலகணேஷ் வந்தார். வெள்ளைச் சட்டை. அவருக்கு மைக் பிடிக்கத் தெரியும்.

"எங்க பில்டர் ஒரு நிமிஷம்கூட நின்னதில்ல. இன்னிக்கு இல்ல, ஆரம்பிச்ச நாள்லேருந்து. நம்ப மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்றேன். இப்ப நீங்க சாப்பிடப்போற பந்தியில அப்பளம் இருக்கு. அது எங்க சிம்னிக்கு நேர் கீழ, ஊருணிப்பட்டிக் களத்துல, நம்ம சகோதரிகள் காயப்போட்டது. சாம்பல் கொட்டுற எடமா இருந்தா அங்க அப்பளம் காயப்போட முடியுமா? சாப்பிட்டுப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க!"

பின்வரிசை கைதட்டியது. தங்கப்பொண்ணு தட்டவில்லை. இந்த மனிதர் கயிற்றைத் தானே திரித்துத் தானே கழுத்தில் போட்டுக்கொள்வார் என்று அவள் நினைத்திருக்கவில்லை. ஆனால் தான் செய்வது சரியா என்று காலையிலிருந்து இருந்த சந்தேகம் அந்தச் 'சகோதரிகள்' என்ற சொல்லில் சுத்தமாகத் தீர்ந்துபோயிற்று.

முதல் பந்தியில் அதிகாரி அம்மாள் நடுவில், பக்கத்தில் பாலகணேஷ். சாம்பார் ஊற்றினார்கள். அப்பளம் வந்தது. எண்ணெயில் பொரிந்ததும் அப்பளம் விரிந்து வெளுக்கும், புள்ளிகள் வெளுக்காது. அதிகாரி அம்மாள் ஒரு துண்டை ஒடித்து வாயில் போட்டார். மெல்லுவது பாதியில் நின்றது. நறநறவென்ற சத்தம் பக்கத்து இலைக்குக் கேட்டிருக்கும். விரலால் நாக்கிலிருந்து எதையோ எடுத்துப் பார்த்தார்.

"மிளகு மேடம்," என்றார் பாலகணேஷ். "இந்தப் பக்கம் மிளகு போடுவாங்க."

"நாங்க மொளகு போடுறது இல்ல."

தங்கப்பொண்ணு இலைக்கு எதிரே வந்து நின்றாள். யாரோ அவள் தோளைப் பிடித்து இழுத்தார்கள், பின்வரிசை ஆள். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "கைய எடுடா. பந்திக்கு அப்பளம் குடுத்தவ நானு."

"விடுங்க அவங்களை," என்றார் அதிகாரி அம்மாள்.

மஞ்சள் பையிலிருந்த வெள்ளை அப்பளத்தில் ஒன்றையும், பந்திச் சாக்கில் பொரிக்காமல் மிஞ்சிய ஒன்றையும் அந்த இலையில் பக்கம் பக்கமாக வைத்தாள்.

"ரெண்டும் எங்க கைதான் மேடம். ஒரே மாவு, ஒரே களம், ஒரே வெயிலு. இந்தக் கறுப்பு போன மாசம் போட்டது. இந்த வெள்ளை இந்த வாரம் போட்டது. எங்க கை மாறல. இந்த வாரம் எது மாறுச்சுன்னு சாரைக் கேளுங்க."

அதிகாரி அம்மாள் கேட்கவில்லை. பாலகணேஷைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். பாலகணேஷ் இலையைப் பார்த்தார். சாம்பார் ஓரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"சாரு இன்னும் அப்பளத்தத் தொடலையே," என்றாள் தங்கப்பொண்ணு. "சாப்புட்டுப் பாத்துட்டுச் சொல்லச் சொன்னது நீங்கதான? சாப்புடுங்க."

அவர் தொடவில்லை. மண்டபம் முழுக்க அதைப் பார்த்தது. ஒரு பத்திரிகைக்காரன் அந்த இலையைப் போட்டோ எடுத்தான்.

ஆலைக்கு இரண்டாவது பாய்லர் கிடைக்கவில்லை. இருக்கிற பாய்லருக்கு பில்டர் இடைவிடாமல் ஓட வேண்டும், நின்றால் காட்டிக்கொடுக்க மீட்டர் வைக்க வேண்டும், அதன்பிறகுதான் மற்ற பேச்சு என்று உத்தரவு வந்தது. ஊருணிப்பட்டி வானம் வெளுத்தது. களத்தில் அப்பளம் வெள்ளையாகக் காய்ந்தது. வாங்கத்தான் ஆள் இல்லை.

போட்டோ எல்லோர் கைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. பத்ரிநாத் கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "வெள்ளையா இருக்கும்மா, நானே சொல்றேன். ஆனா ஊருணிப்பட்டின்னு சொன்னாலே சாம்பலான்னு கேக்குறான் கடைக்காரன். ஊர் பேரை நீயே கெடுத்துட்டு எங்கிட்ட வந்தா?"

வீரணனைக் கான்ட்ராக்டர் மறுநாளே நிறுத்திவிட்டார். அவன் திருமங்கலம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போனான். அவளோடு பேச்சு இல்லை. குழுப் பெண்கள் அவள் வந்தால் களத்தின் அந்த ஓரத்துக்குப் போனார்கள். சரண்யாதேவி மட்டும் ஒதுங்கவில்லை. எதிரில் நின்று கேட்டாள். "ஜெயிச்சிட்டேல்லக்கா? இந்தா, ஒன் வெத்திய அடுக்கி வச்சிருக்கோம், வறுத்துத் தின்னு." குழுக் கட்டடத்தில் கூரை தொடுகிற அளவுக்கு அப்பளக் கட்டுகள்.

தங்கப்பொண்ணு அழுதாள். ஆலை மேல் கோபம், பத்ரிநாத் மேல் கோபம், தன் மேல் கோபம். அழுது முடித்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு மில்லுக்கு நடந்தாள்.

பாலகணேஷ் அவளை உட்காரச் சொல்லவில்லை. ஆனால் வெளியே அனுப்பவும் முடியாது. மறுபடி ஒரு சோதனை வரப்போகிறது. ஊர்ப் பெண்கள் இன்னொரு தடவை இலை முன்னால் வந்து நின்றால் பாய்லர் கனவோடு போய்விடும்.

"என்ன வேணும் உனக்கு? உன் புருஷன் வேலையா? நாளைக்கே வரச் சொல்லு."

"வேணாம். அவரு இங்கன இருந்தா என் வாய அடைக்க ஒங்களுக்கு லேசு."

"பின்ன?"

"ஒங்க கேன்டீன்ல தெனமும் எம்புட்டுப் பேரு சாப்புடுறாங்க. அதுக்கு எங்க அப்பளத்த வாங்குங்க. கடை வெலைதான், கூட வேணாம். கேன்டீன் வாசல்ல எழுதிப் போடுங்க, ஊருணிப்பட்டி அப்பளம்னு. மொத அப்பளம் ஒங்க தட்டுல. எல்லாரும் பாக்க நீங்க திங்கணும்."

"நானா? தினமுமா?"

"சுத்தமான அப்பளந்தான சார். என்ன பயம்?"

பாலகணேஷின் தாடை அசைந்தது. "உன்னைப் பாத்தாலே எனக்கு எரியுது."

"எனக்கும் அப்படித்தான். ஆனா யாவாரம் வேற."

இப்படியாக அந்த ஏற்பாடு ஓடியது. அவரும் அவளும் ஒரு நல்ல வார்த்தை பேசிக்கொண்டதில்லை. மதியம் முதல் பந்திக்கு அவள் வருவாள், தட்டில் ஒரு அப்பளத்தை வைப்பாள், அவர் தொழிலாளிகள் பார்க்க அதை முறித்து மெல்லுவார், அவள் போய்விடுவாள். மேனேஜர் தின்கிற அப்பளம் என்ற பேச்சு ஷிப்ட் பஸ்ஸில் ஏறித் திருமங்கலம் போயிற்று, அங்கிருந்து மதுரைக்கும் போயிற்று. பத்ரிநாத் ஒருநாள் ஆளனுப்பினார். சரண்யாதேவி கட்டுகளை ஏற்றிவிட்டாள். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. "யக்கா, அந்தக் கட்டத் தூக்கு," என்றாள். அதுவே பெரிது.

பிறகு கோடை வந்தது. கரண்ட் தட்டுப்பாடு கூடியது. மில்லில் ஒரு மெஷினுக்கும் ஓய்வு இல்லை. அப்போது பார்த்து அந்த மீட்டர் ரிப்பேராகி, அதைச் செய்த கம்பெனிக்கே திரும்பிப் போனது. எவ்வளவு பொருத்தமான ரிப்பேர்!

ஒரு காலையில் தங்கப்பொண்ணு களத்து வேட்டியை விரலால் தடவினாள். விரல் கறுத்தது. அப்பளத்தைத் திருப்பினாள். புள்ளி. அண்ணாந்து பார்த்தாள், புகைபோக்கியிலிருந்து கறுப்பாக, ஒளிவுமறைவு இல்லாமல், பழைய புகை.

அவள் ஊரைக் கூட்டவில்லை, மனு எழுதவில்லை. அந்த வேட்டியில் கிடந்ததையே எடுத்துக்கொண்டுபோய்க் கேன்டீனில் பொரிக்கச் சொன்னாள். இந்தத் தடவை சரண்யாதேவியும் கூடவே வந்தாள், பின்னால் குழுப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். பந்தியில் ஷிப்ட் ஆட்கள் சாப்பாட்டை விட்டு நிமிர்ந்தார்கள்.

தங்கப்பொண்ணு அப்பளத்தைப் பாலகணேஷின் தட்டில் வைத்தாள். வெள்ளையில் கறுப்புப் புள்ளிகள். அவர் பார்த்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"கன்ட்ரோல் ரூமா? பில்டரை ஆன் பண்ணு. இப்பவே. மெஷின் நின்னா நிக்கட்டும், ஆன் பண்ணுடா."

போனை வைத்துவிட்டு, எல்லாம் முடிந்தது என்பதுபோல் தட்டை ஒதுக்கப் போனார். தங்கப்பொண்ணு தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"போன் பேசியாச்சுல்ல. இப்பச் சாப்புடுங்க சார்."

பாலகணேஷ் அவளை வெறுப்போடு பார்த்தார். அவளும் அப்படியே பார்த்தாள். அவர் அப்பளத்தை ஒடித்து வாயில் போட்டார். நறநறவென்ற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கடைசித் துண்டு உள்ளே போகிறவரை அவள் தட்டைவிட்டுக் கையை எடுக்கவில்லை.